முனி திருப்பி அனுப்பின செருப்பு

அந்தச் செருப்ப கஜேந்திரன் தூக்கி எறிஞ்சு எட்டு மணி நேரம்கூட ஆகல. இப்ப அது அவன் வீட்டு வாசப்படியில உக்காந்திருக்கு.

சும்மா உக்காரல. கழுவி, தொடச்சி, வாரு அறுந்த எடத்துல ஊக்கு குத்தி, மூக்க வீட்டுப் பக்கம் திருப்பி, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உக்காந்திருக்கு.

கதவுல பூட்டு தொங்குது. பொண்டாட்டி ஜீவராணி கொழுந்து பறிக்க மலையில. லயத்துல வரிசையா ஒட்டிக்கெடக்குற பன்னெண்டு வீடும் கப்சிப். பகல் ரெண்டு மணிக்கே பனி எறங்கி, எதிர்த்த லயத்த முழுங்கிருச்சு. கஜேந்திரன் செருப்பப் பாத்தான். செருப்பு கஜேந்திரனப் பாத்துச்சு. மொத கண்ண எடுத்தது கஜேந்திரன்தான்.

ஆளு யாருன்னு சொல்லிர்றேன். தெமோதரைக்கு மேல ஒரு தோட்டம். அங்க கவாத்து வெட்டுற கேங்குல இவன் மொத ஆளு. தேயிலைச் செடிக்கு முடி வெட்டி விடுறவன்னு வச்சிக்குங்களேன். ஆனா ஊருக்குள்ள இவனுக்குப் பேரு அதால இல்ல. தப்பு மேளம் அடிக்கிறதால. மாசியில காமன் கூத்து நடக்கயில, இவன் வலது கை தப்புல விழுந்தாத்தான் மன்மதன் வேஷம் கட்டினவன் காலத் தூக்குவான். கூத்துக்கு இன்னும் மூணே வாரம்.

அந்த வலது கையத்தான் இப்ப முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிறான். ஏன்னா செருப்ப எறிஞ்சதும் அந்தக் கைதான்.

இதெல்லாம் எங்க தொடங்குச்சுன்னா, பதுளையில. போன மாசம் ஜீவராணி மாதர் சங்கத்து ஆளுகளோட ஒரு நாள் பயிற்சிக்குப் போனா. 'குப்பையில்லாத வீடு'ன்னு பயிற்சிக்குப் பேரு. போகயில பொம்பளையாத்தான் போனா. வரயில சட்டமா வந்தா.

மறுநாள் விடியயில செவத்துல நாலு உரச் சாக்கு ஆணியடிச்சு தொங்குது.

"என்ன புள்ள இது, நாலு மாமியா ஒண்ணா வந்த மாதிரி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது?"

"மொதச் சாக்கு காய்கறித் தோலு. ரெண்டாவது கடதாசி. மூணாவது பிளாஸ்டிக்கு. நாலாவது போத்தலு, தகரம். மாத்திப் போட்டீங்கன்னா எடுத்து ஒங்க சோத்துல போடுவேன்."

"சரி, நான் எந்தச் சாக்கு?"

"அதத்தாங்க நானும் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

அன்னையிலருந்து அந்த வீட்டுல ஒரு பொருளும் சாகல. எல்லாத்துக்கும் மறுபொறப்பு. அரிசி கழுவின தண்ணி கொச்சிக்கா மொளகாச் செடிக்கு. வடிச்ச தேயிலத் தூளு, காய வச்சு சட்டி தேய்க்க. பால்மா பக்கெட்டு, அதான் பால்பவுடர் உறை, அதக் கழுவி மண்ணு போட்டு கீர நாத்து. கிழிஞ்ச குடையோட துணி, மழையில நனையாத கடப் பை. கஜேந்திரன் இடுப்புல கட்டுற பழைய சாரம் மூணா பிரிஞ்சு, ஒண்ணு கைப்புடித் துணி, ஒண்ணு கால்மிதி, ஒண்ணு தலைகாணி ஒற.

அவனுக்கு அப்பவே லேசா ஒரு பயம் பூந்துருச்சு. குளிக்கப் போனா சாரத்தக் கையிலயே புடிச்சிக்கிட்டுத்தான் குளிப்பான். வெளிய வந்தா கொடியில அது சாரமா தொங்குமா, பையா தொங்குமான்னு யாருக்குத் தெரியும்? சாயத்தண்ணி குடிக்க உக்காந்தாக்கூட அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ கால ஆட்டிக்குவான். சும்மா கெடக்குற சாமான்னு நெனச்சு அவ எதுலயாச்சும் நாத்து நட்டுட்டான்னா?

தப்பு காய்ச்சுறதுக்கு முன்னெல்லாம் ஷாம்பு பக்கெட்டு, பொலித்தீன் பை, கையில கெடச்சதப் போட்டு எரிப்பான். தோலு 'டங்'குன்னு வெறைக்கும். அதுக்கும் தட விழுந்துச்சு.

"பொலித்தீன் பொகையக் குடிச்சா நெஞ்சு போயிரும். மிலாறு போட்டுக் காய்ச்சுங்க. நாள் பூரா தேயிலக் குச்சியத்தானே வெட்டித் தள்ளுறீங்க, ரெண்டு மிலாறு எடுத்துட்டு வந்தா கையா தேயும்?"

இதெல்லாங்கூட அவன் பொறுத்துக்கிட்டான். பொறுக்க முடியாதது ஒண்ணு வந்துச்சு. மூணாவது சாக்கும் நாலாவது சாக்கும் நெறஞ்சா, பெரட்டுக்களத்துக்குப் பக்கத்துல இருக்குற சேகரிப்புக் கொட்டகையில கொண்டு போய்க் குடுக்கணும். பெரட்டுக்களம்னா காலையில எல்லாரும் பேரு குடுத்துட்டு வேலைக்குப் பிரியுற எடம். அது இருக்குறது மேல. லயம் இருக்குறது கீழ. நடுவுல ஏத்தம். செங்குத்தா நாப்பது ஆள் ஒசரம்.

"எப்புடியும் பெரட்டுக்குப் போறீங்கதானே. தோள்ல போட்டுக்கிட்டுப் போங்க."

மொத நாள் போட்டுக்கிட்டுப் போனான். கேங்குல நிமலன்னு ஒருத்தன். எளவட்டம். அவனும் தப்பு அடிப்பான். "என்ன மாமா, மாமி வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்களா? மூட்ட முடிச்சோட வாறீங்க?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாவது நாளும் சிரிச்சாங்க.

மூணாவது நாள், ஏத்தத்துல பாதி வழியில, மொட்டப்பாறை வளைவுல கஜேந்திரன் நின்னான். அந்தப் பாறையிலதான் தோட்டத்து முனி இருக்காரு. குங்குமம் பூசின கல்லு. அதுக்குக் கீழ பள்ளம். பள்ளத்துல ஆள் ஒசரத்துக்குப் பொதர். விடியக்காலப் பனி. ஒரு ஈ காக்கா இல்ல.

இடமும் பாத்தான், வலமும் பாத்தான். மேல பாக்கல. சாக்க அவுத்து, ஒவ்வொண்ணா வீசினான். வெறுஞ்சாக்க மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, விசிலடிச்சிக்கிட்டே பெரட்டுக்குப் போயிட்டான்.

ஞாயித்துக்கெழம ரொட்டியும் சம்பலும் வச்சிக்கிட்டே ஜீவராணி கேட்டா.

"என்னங்க, சாக்கு கொட்டகைக்கு ஒழுங்கா போய்ச் சேருதா?"

"என்ன கேள்வி இது? மொட்டப்பாறை முனி மேல சத்தியமா சேருது!"

எத்தனையோ சாமி இருக்கு. கதிர்காமத்தான் இருக்காரு, தோட்டத்து மாரியம்மா இருக்கா. வாயில வந்தது எது? யாரு காலடியில கொட்டினானோ அந்தச் சாமி.  பேச்ச மாத்த தட்டுல வெரலால தாளம் போட்டான். கூத்துக்குப் புதுசா ஒரு அடி புடிச்சு வச்சிருந்தான்.

ஜீவராணி இன்னொரு ரொட்டி வச்சா. பொறவு சாதாரணமா பேசினா.

"என்னங்க, எங்க மடுவத்த மாத்திட்டாங்க."

மடுவம்னா கொழுந்து நிறுக்குற கொட்டக.

"ம்."

"காத்துக்குக் கூர பறந்துருச்சுல்ல. இப்ப மேல வளைவுல..."

டக்கு டிக்கு டக்கு டிக்கு. "ம்."

"காதுல விழுதா?"

"ம்."

திங்கக்கெழம விடியயில மறுபடி வீசினான், அதுல அறுந்த செருப்பும் ஒண்ணு. ரெண்டு மணிக்கு அந்தச் செருப்பு வீட்டுக்கு வந்துச்சு.

சாயந்தரம் ஜீவராணி வந்ததும், ஒண்ணும் தெரியாதவன் மாதிரி கேட்டான்.

"புள்ள, இந்தச் செருப்பு எப்புடி இங்க?"

"நாயி தூக்கிட்டு வந்திருக்கும்."

"நாயி கழுவுமா?"

"கழுவியா இருக்கு? அது அழுக்கா இருந்துச்சுன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

கஜேந்திரன் செருப்பக் காலால ஓரமா தள்ளினான்.

"அது கொட்டகைக்குப் போன செருப்பாச்சே," ஜீவராணி அதத் தூக்கிப் பாத்தா. "நீங்கதானே குடுத்தீங்க?"

"குடுத்தேன், குடுத்தேன். இது... இதோட அண்ணன் தம்பியா இருக்கும்."

"அதே அறுந்த வாரோட?"

"குடும்ப வாகு புள்ள."

அன்னைக்கு அவன் சாப்புடல. வலது கையப் போர்வைக்குள்ள வச்சு, இடது கையால அதப் புடிச்சிக்கிட்டே தூங்கினான். மொட்டப்பாறை முனிகிட்ட பொய்ச் சத்தியம் பண்ணினா, பண்ணினவன் பாவம் செஞ்ச கைய அவரு எடுத்துக்குவாருன்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். எடுத்துத் தின்னுற மாட்டாரு. கை இருக்கும், வேல செய்யாது.

வியாழக்கெழம மறுபடி சாக்கு நெறஞ்சுச்சு. முனி கோவத்துல இருக்காரே, கொட்டகைக்கே கொண்டு போயிருவோம்னுதான் கெளம்பினான். வளைவுல நின்னு மூச்சு வாங்கயில மேலருந்து நிமலனோட சிரிப்பு கேட்டுச்சு. அவ்வளவுதான். 'ஒரே ஒரு தடவ, முனியய்யா, கண்ண மூடிக்குங்க'ன்னு சொல்லிட்டு வீசினான்.

ரெண்டு மணிக்கு வந்து பாத்தா, கதவுப் பூட்டுல ஒரு மாலை தொங்குது. ஷாம்பு பக்கெட்டு மாலை. நூலுல கோத்து, நடுவுல பேஸ்ட்டு டியூப டாலரா வச்சு. இருவத்தியொரு பக்கெட்டு. சாமிக்குப் போடுற மாலைன்னா பரவால்ல. இது ஆட்டுக்குப் போடுற மாலை மாதிரி இருக்கே!

கழுத்தத் தடவிப் பாத்துக்கிட்டான். தோள்பட்டையில சுரீர்னு ஒரு வலி.

வலி நெசந்தான். சாக்குல இருக்குறத பள்ளத்துல தூரமா விழணும்னு விசுக்கு விசுக்குன்னு வீசினா தோளு புடிக்காம என்ன செய்யும்? ஆனா பயந்தவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தோணுமா? தப்ப எடுத்து அடிச்சுப் பாத்தான். 'டங்'குன்னு வரவேண்டியது 'பொத்'துன்னு வந்துச்சு. ஈரச் சாக்குல அடிச்ச மாதிரி.

அப்பத்தான் அவன் மூளையில ஒரு திட்டம் உதிச்சுச்சு. பயத்துல பொறக்குற திட்டம் எப்பவுமே கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்.

பக்கத்து வீடு அந்தோனிப்பிள்ளை வீடு. வேதக்காரங்க. ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போறவங்க. முனிக்கு அவங்க மேல என்ன அதிகாரம்? அவங்க எல்லையே வேற! அந்தோனிப்பிள்ளை பேரு போட்ட பழைய கரண்டு பில்லுக் கவரு ஒண்ணு வேலியோரம் கெடந்துச்சு. அத எடுத்து, பாரமா இருக்கட்டும்னு அடுப்படிக் குப்ப கொஞ்சம் உள்ள திணிச்சு, அடுத்த தடவ குப்பைக்கு மேல வச்சு வீசினான். முனி பாப்பாரு. பேரப் படிப்பாரு. 'ஓ, இது நம்ம ஆளு இல்ல'ன்னு விட்டுருவாரு.

அன்னைக்கு மத்தியானம் வாசல்ல அந்தோனிப்பிள்ளையே நின்னாரு. கையில கவரு.

"தம்பி கஜேந்திரா, இது எங்க வாசப்படியில இருந்துச்சுப்பா."

"ஒ-ஒங்க கவருதானே அண்ணே. ஒங்க வாசல்ல இருக்காம?"

"பில்லு எங்கது. கவருக்குள்ள இருந்த நெத்திலித் தலை எங்கது இல்ல. நாங்க தவசு நோன்பு நாள்ல மீனே வாங்கல. ஒங்க வீட்டுலதானே நேத்து நெத்திலி கொழம்பு மணத்துச்சு?"

கஜேந்திரன் கீழ பாத்தான். அவன் வாசப்படியில மிச்சக் குப்ப வரிசையா அடுக்கியிருக்கு. அந்தோனிப்பிள்ளை வீட்டுது அந்தோனிப்பிள்ளை வீட்டுக்கு. கஜேந்திரன் வீட்டுது கஜேந்திரன் வீட்டுக்கு.

முனி வகை பிரிச்சு அனுப்பியிருக்காரு!

"என்ன தம்பி, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு? ஒரு செபம் சொல்லட்டா?"

"சொல்லுங்கண்ணே. ரெண்டா சொல்லுங்க."

அதுக்கு மேல தாங்கல. நேரா பூசாரி அழகர் வீட்டுக்கு ஓடினான்.

"பூசாரியய்யா, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு..."

"சரி. நீ என்ன பண்ணின?"

கஜேந்திரன் அழாத கொறையா எல்லாத்தையும் சொன்னான். அழகர் வெத்தலய மென்னுக்கிட்டே கேட்டாரு.

"முப்பத்தஞ்சு வருசமா நான் அவருக்குப் பூச போடுறேன். கோழி கேட்டிருக்காரு. சுருட்டு கேட்டிருக்காரு. இது வரைக்கும் யாருக்கும் செருப்புக் கழுவிக் குடுத்ததில்ல. ஒன் மேல ரொம்பக் கோவமாத்தான் இருக்காரு."

"என் கை போயிருமா ஐயா?"

"எறிஞ்சது எது?"

"வலது."

"கூத்துக்கு எத்தன நாளு?"

"பன்னெண்டு."

அழகர் வெத்தலயத் துப்பினாரு. "நிமலன் பய சுமாரா அடிக்கிறான்ல?"

 கை போறதுகூட ஒரு மாதிரி. அந்த எடத்துல நிமலன் நின்னு தப்பு அடிக்க, இவன் ஓரமா நின்னு கடல தின்னுக்கிட்டு வேடிக்க பாக்குறதா? அவன் அப்பா அடிச்ச எடம் அது. இருவது வருசமா இவன் அடிச்ச எடம்.

"ஐயா! என்ன வேணாலும் செய்யுறேன்!"

"அப்ப கேளு. அரைப் போத்தல் சாராயம், கழுத்துல மஞ்சக் கயிறு கட்டி வையி. ஒரு சுருட்டு. உச்சிப்பொழுதுல போகணும். அதுதான் அவரு நடமாடுற நேரம். எறிஞ்சது அத்தனையும் ஒண்ணு விடாம வாய் விட்டுச் சொல்லணும்."

"மனசுக்குள்ள சொன்னா ஆகாதா ஐயா?"

"மனசுக்குள்ளயா எறிஞ்ச?"

மறுநாள் கங்காணிகிட்ட வயித்து வலின்னு சொல்லிட்டு, பன்னெண்டு மணிக்கு மொட்டப்பாறைக்கு வந்தான். பனின்னா அப்புடி ஒரு பனி. நீட்டின கை தெரியல. அதுலயும் வலது கை தெரியாதது அவனுக்கு நல்ல சகுனமா படல. போத்தல வச்சான். சுருட்டக் கொளுத்தி வச்சான். கண்ண இறுக்கி மூடிக்கிட்டான்.

"முனியய்யா! நான் கஜேந்திரன். கவாத்து கஜேந்திரன். செருப்பு ஒண்ணு எறிஞ்சேன். ஷாம்பு பக்கெட்டு இருவத்தியொண்ணு. பேஸ்ட்டு டியூப்பு. குடக்கம்பி. ஒடஞ்ச சீப்பு. பிஸ்கட்டு உறை. அவ்வளவுதான் சாமி."

பனிக்குள்ள, மேல எங்கயோ இருந்து, கனத்த கொரல் ஒண்ணு வந்துச்சு.

"அம்புட்டுத்தானா?"

கஜேந்திரன் கண்ண இன்னும் இறுக்கிக்கிட்டான். ஆம்பளக் கொரலா, பொம்பளக் கொரலா? ரெண்டும் இல்ல. தகரப் பீப்பாய்க்குள்ள யாரோ பேசுற மாதிரி.

"ப-பால்மா பக்கெட்டு ரெண்டு மறந்துட்டேன் சாமி!"

"சீப்புல பல்லு எத்தன?"

"எண்ணலைங்க சாமி! மன்னிச்சிருங்க சாமி!"

"அந்தோனி வீட்டுக் கவரு?"

"அதுவும் நாந்தான்! வேதக்காரங்க ஒங்க எல்லைக்குள்ள வர மாட்டாங்கன்னு நெனச்சு..."

மேல சடசடசடன்னு ஒரு சத்தம். கூடை உருண்ட மாதிரி. யாரோ மூச்சு முட்டுற மாதிரி. காடே குலுங்குற மாதிரி. கஜேந்திரன் தரையில குப்புற விழுந்துட்டான்.

"கோவப்படாதீங்க சாமி! இனிமே எங்க வீட்டுச் சாக்க நானே கொட்டகைக்குத் தூக்குறேன்!"

பதில் இல்ல.

"பக்கத்து வீட்டுச் சாக்கும்!"

பதில் இல்ல. அது கொரல் வர்றத விடப் பயமா இருந்துச்சு.

"ஆறு வீடு!... எட்டு வீடு!... லயத்துல பன்னெண்டு வீட்டுச் சாக்கும், வாரம் ரெண்டு தடவ, நானே தூக்குறேன் சாமி!"

"பொறவு?"

"பொறவு... உரக்குழி வெட்டித் தாறேன்!"

"பாத்திரம்?"

"ராத்திரிப் பாத்திரம் நானே வெளக்குறேன் சாமி! தேயிலத் தூளு போட்டே வெளக்குறேன்!"

"போ. திரும்பிப் பாக்காத."

அவன் திரும்பியும் பாக்கல, நேராவும் பாக்கல. கெடந்து உருண்டு லயத்துக்கு வந்து சேந்தான். முனிக்கு எதுக்கு எங்க வீட்டுப் பாத்திரத்து மேல அக்கறன்னு கேக்குற தைரியம் அவனுக்கு ஏது?

அன்னைக்கு ராத்திரி அவன் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருக்கயில ஜீவராணி ஒரு வார்த்த கேக்கல. பக்கத்துல உக்காந்து குடத் துணி தச்சிக்கிட்டே சொன்னா.

"எங்க கேங்கு கருப்பம்மா அக்காவுக்கு இன்னைக்குத் தொண்ட கட்டிருச்சுங்க. பேச்சே வரல பாவம்."

கருப்பம்மா கூப்புட்டா அடுத்த மலையில மேயுற ஆடு திரும்பிப் பாக்கும். அப்புடி ஒரு தொண்ட.

"ம்," கஜேந்திரன் சட்டியச் சொரண்டினான்.

"தோளு வலிக்குதாங்க? பதுளையில ஒரு தைலம் செய்யச் சொல்லிக் குடுத்தாங்க. இஞ்சியும் மொளகும் தட்டிப் போட்டு ஊற வைக்கிறது. ஊறினதும் தேய்ச்சி விடுறேன்."

நாலு நாள் கழிச்சுத் தேய்ச்சா. தைலம் பட்ட எடம் குளுகுளுன்னு தொடங்கி சுள்ளுன்னு ஏறுச்சு. வாசன எங்கயோ நல்லாப் பழகின வாசனையா இருந்துச்சு. மூக்க நீட்டினான். "மூக்க அந்தப் பக்கம் திருப்புங்க, கண்ணு எரியும்"ன்னா. திருப்பிக்கிட்டான்.

அதுக்கப்புறம் லயத்துக்காரங்க கண்டது புது கஜேந்திரன். செவ்வாயும் வெள்ளியும் பன்னெண்டு வீட்டு வாசல்லயும் நிப்பான்.

"அந்தோனி அண்ணே, போத்தலுக்குள்ள கடதாசிய சொருகாதீங்க. பாவம் பிடிக்கும்!"

"என்னா தம்பி, ஒங்க சாமிக்கு எங்க போத்தல் மேலயும் அதிகாரம் வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே. நல்லாப் படிச்ச சாமி. பேரு பாத்துப் பிரிக்கும்."

வளைவு வரும்போதெல்லாம் சாக்க நெஞ்சோட அணைச்சிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு ஓடுவான். ஒரு பிஸ்கட்டு உறை காத்துல பறந்து பள்ளத்துல எறங்கினப்ப, பின்னாலயே எறங்கிப் போய் எடுத்துட்டு வந்தான். மூணு அட்ட கடிச்சுது. 'இந்தாங்க சாமி, ரத்தம், கணக்குல வச்சிக்குங்க'ன்னான். நிமலன் சிரிச்சான். சிரிக்கட்டும். சிரிக்கிறவன் கை அவன் கை. இது நம்ம கை.

பள்ளம் சுத்தமாச்சு. லயத்துச் சாக்கடக் கான்ல தண்ணி தேங்காம ஓடுச்சு. வாசல்ல இனி ஒண்ணும் திரும்பி வரல. தோளும் நாளுக்கு நாள் எளகிச்சு.

காமன் கூத்தன்னைக்கு மிலாறு நெருப்புல தப்பக் காய்ச்சினான். கண்ண மூடிக்கிட்டு மொத அடிய வச்சான். 'டங்'!

ஸ்பிரிங்வெளித் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். மன்மதன் வேஷக்காரன் காலத் தூக்கினான். நிமலன் ஓரமா நின்னு கடல தின்னான். அடிச்சு முடிச்சதும் கஜேந்திரன் மொட்டப்பாறைப் பக்கம் திரும்பி, கண்ணீர் வழியக் கையெடுத்துக் கும்புட்டான். பொம்பளைங்க கூட்டத்துல யாரோ பொடவ முந்தானைய வாயில அடச்சிக்கிட்டு இருமுனாங்க. பக்தியில தொண்ட அடச்சிருச்சு போலன்னு நெனச்சிக்கிட்டான்.

மறுநாள் லீவு. காலையில சாயத்தண்ணி கிளாசோட ஜன்னல் பக்கம் வந்து நின்னான். ஜன்னல் கட்டையில ஒரு போத்தல். தண்ணி ஊத்தி, அதுல பச்சப்பசேல்னு மணிபிளான்ட் கொடி. அழகாத்தான் இருந்துச்சு.

அரைப் போத்தல்.

கழுத்துல மஞ்சக் கயிறு.

கஜேந்திரன் கிளாச ஓரமா வச்சான். போத்தலப் பாத்தான். எடுத்து மோந்து பாத்தான். இஞ்சி. மொளகு. அதுக்கும் அடியில அந்தப் பழகின வாசன. அப்புடியே தன் தோள்பட்டைய மோந்து பாத்தான். அதே வாசன.

முனிக்குன்னு வச்ச சாராயத்த இவ்வளவு நாளும் தோளுதான் குடிச்சிருக்கு!

"தைலம் தீந்துருச்சுங்க," அடுப்படியிலருந்து ஜீவராணி கொரல். "போத்தலத் தூக்கி எறிய மனசு வரல. நல்லாருக்குல்ல?"

செருப்பு, மாலை, கவரு, தகரப் பீப்பாக் கொரலு, தொண்ட கட்டின கருப்பம்மா, வாய் பொத்தி இருமின கூட்டம். எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அவன் மண்டையில வரிசையா வந்து உக்காந்துச்சு. வகை பிரிச்ச மாதிரி.

'இந்தப் போத்தல் ஒனக்கு எப்புடிடி கெடச்சுது?' கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு.

அங்கயே நின்னுருச்சு. கேட்டா அவ என்ன கேப்பா? 'இத நீங்க எங்க வச்சீங்க? எதுக்கு வச்சீங்க?'

"ஏதோ கேக்க வந்தீங்களே?" ஜீவராணி கைய முந்தானையில தொடச்சிக்கிட்டே வந்து நின்னா. மூஞ்சி பச்சப்புள்ள மூஞ்சி.

"ஒண்ணுமில்ல புள்ள. கொடி... நல்லாப் படருது."

"படரும். அந்தச் சாக்குகள எடுங்க. லீவு நாளுன்னா வாசல்லயே கெடக்கணுமா? கருப்பம்மா அக்கா லயத்துலயும் ஒங்களக் கேட்டு வச்சிருக்காங்க. அதையும் சேத்தா இருவது வீடு. வாக்குக் குடுத்த மனுசன் நீங்க."

"யாருக்கு வாக்கு?" அவன் மெதுவா கேட்டான்.

"அத நீங்கதான் சொல்லணும்."

கஜேந்திரன் மிச்சச் சாயத்தண்ணிய ஒரே மடக்குல குடிச்சான். சாக்கத் தோள்ல போட்டுக்கிட்டான். படிய எறங்கயில அவ பின்னாலருந்து கூப்புட்டா.

"ஏங்க, எங்க மடுவத்த முனிப்பாறைக்கு நேர் மேல மாத்தினத ஒங்ககிட்ட மூணு தடவ சொன்னேன். கிட்டத்துல வந்துருச்சு, இப்பல்லாம் பகலைக்கு வீட்டுக்கு வந்து சாப்புட்டுட்டுத்தான் மலைக்குப் போறோம்னும் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"ம்," ன்னான் கஜேந்திரன்.